பூட்டிய மைதானமும் ஆறாயிரம் டாலரும்

போன ஞாயிறு சாயந்திரம் என் பையனும் அவன் கூட்டாளிகளும் பந்து, மட்டையோடு கிளம்பி, பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள். நவி மும்பையில் எங்கள் குடியிருப்புக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம், பெரிய மைதானத்தோடு இருக்கிறது. வாட்ச்மேன் "பந்த் ஹை" என்று விரட்டிவிட்டாராம். ஊரில் நான் படித்த பள்ளி மைதானத்துக்குச் சுவரே கிடையாது, இருட்டும்வரை ஆடுவோம் என்று சொன்னால் அவனுக்குக் கதை மாதிரி இருக்கிறது.

இந்தப் பூட்டைத் திறந்து பார்த்த ஊர்கள் உண்டா என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இரண்டு கதைகள் கிடைத்தன.

முதலாவது, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம். 1907-இல் நகர நிர்வாகம் 5,000 டாலர் ஒதுக்கியது. எட்வர்ட் வார்ட் என்பவர் பொறுப்பில் பள்ளிகள் மாலையிலும் திறந்தன. உடற்பயிற்சி, நூலகம், கூடவே பெரியவர்களுக்கு விவாதக் கூட்டம். வந்தது வினை! ஜனங்கள் கூடி அரசியல் பேசுவது அரசியல் பெருந்தலைகளுக்குப் பிடிக்கவில்லை. பணம் வெட்டப்பட்டது. சில வருடங்களிலேயே முயற்சி படுத்துவிட்டது.

இரண்டாவது, மிச்சிகனில் உள்ள ஃப்ளின்ட். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை நம்பிப் பிழைத்த ஊர். பொருளாதார மந்தம் அடித்துப் போட்டிருந்த 1935-இல், அந்தக் கம்பெனியின் பெரும் பங்குதாரர் சார்லஸ் ஸ்டூவர்ட் மாட், பையன்களுக்காக ஒரு மன்றம் கட்டலாமா என்று யோசித்தார். பள்ளிகளின் உடற்கல்விப் பொறுப்பாளர் ஃப்ராங்க் மேன்லி குறுக்கிட்டார். புதுக் கட்டடம் எதற்கு, பள்ளிக்கூடங்கள்தான் சாயந்திரமானால் சும்மா கிடக்கின்றனவே என்றார். மாட் 6,000 டாலர் கொடுத்தார். ஐந்து பள்ளிகள் திறந்தன. பிறகு பெரியவர்களுக்கும் மாலை வகுப்புகள் வந்தன. மற்ற ஊர்க்காரர்கள் வந்து பார்த்துப் போகும் அளவுக்கு அது வளர்ந்தது.

வங்கிக்காரன் புத்தி எனக்கு இப்படித்தான் ஓடுகிறது: முதல் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, சொத்து பாதி நாள் தூங்குகிறது. அதை எழுப்பத் தேவைப்பட்டது ஆள் சம்பளமும் விளக்குச் செலவும்தான்.

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஃப்ளின்டில் கறுப்பின மக்கள் குறிப்பிட்ட சில பேட்டைகளில்தான் வீடு பிடிக்க முடியும் என்ற நிலை. 'அவரவர் பேட்டைக்கு அவரவர் பள்ளி' என்ற ஏற்பாடு அந்தப் பிரிவினையை இன்னும் கெட்டிப்படுத்தியது என்று பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். கதவு திறந்தது, கோடு அழியவில்லை.

அடுத்த மாதம் எங்கள் சொசைட்டி கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுக்கப் போகிறேன். மாலை இரண்டு மணி நேரத்துக்கு வாட்ச்மேன் சம்பளத்தை நாம் தருகிறோம் என்று பள்ளியிடம் கேட்கலாம். அப்போது யாராவது, "பணம் நாம்தானே தருகிறோம், நம் பிள்ளைகள் மட்டும் ஆடட்டும்" என்பார்கள். எனக்கு அதுதான் பயம். எங்கள் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்களின் பிள்ளைகளும் அதே தெருவில்தானே ஆடுகிறார்கள்?

நீங்கள் இருக்கும் ஊரில் எப்படி? மாலையில் பள்ளிச் சாவி யார் கையில் இருக்கிறது?