ஆணி இறங்காத தெருவில் இரண்டு கடைகள்

பெங்களூரு குமாரகிருபா சாலையில் ஜனவரி மாதம் கூடும் சித்ர சந்தையையும், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் ஜூலை மாதம் கூடும் தெருக் கலைச் சந்தையையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு காரணம் உண்டு. முன்னது இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தொடங்கியது, பின்னது 1960இல். இரண்டும் போக்குவரத்தை நிறுத்திய தார்ச்சாலையில் நடப்பவை. தாரில் முளை அடிக்க முடியாது. சிக்கனமாகக் கடை போட நினைக்கும் ஓவியர் எந்த ஊர்க்காரர் ஆனாலும், அவருடைய கவலை இந்த ஓர் உண்மையிலிருந்துதான் தொடங்குகிறது.

வேறுபாடுகள் வெளிப்படையானவை. ஆன் ஆர்பரில் சந்தை பல நாள் நீடிப்பதால் கடை இரவிலும் தெருவிலேயே நிற்கும். ஜூலை மாதத்து இடிமழையையும் அது தாங்கியாக வேண்டும். பெங்களூரில் எல்லாம் ஒரே நாள். ஜனவரியில் மழைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே அங்கே கூரை கட்டாயம், இங்கே அது வெயிலுக்கு ஒதுங்கும் வசதி மட்டுமே. அங்கே நான்கு பக்கமும் ஜிப் வைத்த திரை வேண்டும். இங்கே பொழுது சாய்ந்ததும் விற்காத படங்களைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றிவிடலாம்.

காற்று என்று வரும்போது இந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. அமெரிக்கச் சந்தைகளின் வழக்கமான அளவு பத்தடிக்குப் பத்தடி. சில நூறு டாலருக்குள் கிடைக்கும் மடக்குக் கூடாரம் ஏறத்தாழ 25 கிலோ இருக்கும். அதன் ஒரு பக்கத் திரை பத்தடி அகலம், ஏழடி உயரம் என்று கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் அந்தத் திரையின் மேல் விழும் விசை சுமார் 75 கிலோ எடைக்குச் சமம். காலுக்கு 40 பவுண்டு, அதாவது 18 கிலோ, எடை கட்டுங்கள் என்று அங்கே சொல்வது இதனால்தான். நான்கு காலுக்கும் சேர்த்து 72 கிலோ. போதும் போதாது என்ற எல்லையில் நிற்கும் கணக்கு. இந்த எடைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நான்கு அங்குல பிவிசி குழாயை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, அடியை மூடி, கான்கிரீட் நிரப்பி, மேலே ஒரு கொக்கியைப் பதித்தால் அந்த 18 கிலோவுக்குக் குறையாமல் வந்துவிடும். கூடாரக் காலோடு ஒட்டி நிறுத்திக் கட்டினால் யார் காலும் தடுக்காது.

கூரையே இல்லாத பெங்களூருக் கடைக்கு இந்தத் தொல்லை கிடையாது என்றுதான் தோன்றும். ஆனால் படங்களுக்குப் பின்னணியாக எட்டடிக்கு ஆறடியில் ஒரு துணித்திரை கட்டினால் அதுவும் கப்பல் பாய்தான். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றே அதை ஏறத்தாழ 19 கிலோ விசையோடு தள்ளும். படத்தைத் தாங்கும் ஆறேழு கிலோ ஈஸல் அதற்கு எம்மாத்திரம்? கான்கிரீட் குழாய் செய்யும் வேலையை இங்கே மணல் நிரப்பிய அரிசிச் சாக்கு செய்கிறது. விலையில் ஏணி வைத்தாலும் எட்டாத இரண்டு கடைகள், காலில் கட்டும் எடையில் ஒன்றாகிவிடுகின்றன.

சுவரிலும் இத்தகைய உறவு உண்டு. வசதியுள்ள அமெரிக்க ஓவியர் கம்பளத்துணி போர்த்திய பலகைகளை ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்குகிறார். வசதி குறைந்தவர் மூடப்படும் துணிக்கடைகளிலிருந்து இரும்புக் கம்பிவலைத் தட்டிகளைப் பழைய விலைக்கு எடுத்து, சாம்பல் நிறத் துணியால் போர்த்திக்கொள்கிறார். போர்த்தாமல் விட்டால் கம்பிகளின் கட்டங்கள் படத்தோடு போட்டி போடும். பெங்களூரில் தெருவோர மதிலோ கம்பத்துக்குக் கம்பம் இழுத்த கயிறோ இந்த வேலையைப் பார்த்தாலும், இங்கும் ஒரே நிறத் துணி விரித்தவரின் படங்கள்தான் தூரத்திலிருந்தே தனித்துத் தெரியும். கண்ணாடி போட்ட தஞ்சாவூர் ஓவியம் கொண்டுவருபவருக்குச் சிக்கல் இரட்டிப்பு. பலகையின் கனம் ஒன்று. வானமே கண்ணாடியில் பிரதிபலித்துத் தங்க ரேக்கை மறைப்பது இன்னொன்று. சட்டத்தின் மேல்விளிம்பு பார்ப்பவரை நோக்கிச் சற்றே சாயும்படி மாட்டினால் வானத்துக்குப் பதில் தார்ச்சாலை பிரதிபலிக்கும். படம் தெளிவாகத் தெரியும். ஆன் ஆர்பர் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்ரிலிக் தகடு போடுகிறார்கள். கனம் குறையும், உடையாது. பிரதிபலிப்புக்கு மட்டும் அங்கும் இதே சாய்ப்புதான்.

எனக்கு அதிக வியப்பளித்தது வேறொன்று. அமெரிக்கச் சந்தைகள் பலவற்றில் கடை, சந்தைக்குப் பல மாதம் முன்பே ஒருமுறை பிறந்துவிடுகிறது. விண்ணப்பத்தில் ஓவியங்களின் படங்களோடு கடையின் புகைப்படம் ஒன்றையும் கேட்பார்கள். பெயர்ப்பலகையும் ஓவியரும் அதில் தெரியக்கூடாது. எனவே அவர் தம் வீட்டுக் கொல்லையில் முழுக் கடையையும் போட்டு, படம் எடுத்து, பிரித்து வைக்கிறார். மலிவான கடை அந்த ஒரு புகைப்படத்தில் மலிவாகத் தெரியாமல் இருந்தாக வேண்டும். சித்ர சந்தையிலோ கடையை எடைபோடுவது ஆற்றுவெள்ளம் போல் நகரும் கூட்டம். அது உள்ளே நுழைவதில்லை, பக்கவாட்டில் ஓடுகிறது. அங்கே மூன்று சுவர் கொண்ட அறை தேவைப்படுகிறது என்றால், இங்கே தேவைப்படுவது ஒரே நீண்ட கோடு. அங்கே சிறந்த படம் எதிர்ச்சுவரின் நடுவில் இருக்க வேண்டும். இங்கே அது கூட்டம் வரும் திசையின் முதல் விளிம்பில்.

ஓவியர் உட்காரும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கர் 30 அங்குல உயர நாற்காலியைத் தேடி வாங்குகிறார், நிற்பவரின் கண்ணும் தம் கண்ணும் நேராக இருக்க. பெங்களூரில் தரையிலோ முக்காலியிலோ அமர்ந்து எதிரில் இருப்பவரின் முகத்தைச் சில நிமிடத்தில் வரைந்து தருபவரைச் சுற்றித்தான் பெரிய கூட்டம். இரண்டாவது முறைக்குச் செலவே இல்லை. விற்பனையும் அதில் குறைவென்று நான் நினைக்கவில்லை.

இந்த ஆண்டு முதல்முறையாகத் தெருவில் கடை போட நினைப்பவரே, கையில் உள்ள பணத்தில் முதல் பங்கை எடைக்கும் அடுத்ததைச் சுவர்த்துணிக்கும் ஒதுக்குங்கள். கூரையை இரவல் வாங்கலாம். சந்தைக்கு முன்பே ஒருமுறை மொட்டை மாடியில் முழுக் கடையையும் போட்டுப் படமெடுத்துப் பாருங்கள். எந்த விண்ணப்பமும் அதைக் கேட்காவிட்டாலும் சரி.