சூரியகாந்திக்கு முதலில் தெரிந்தது (கன்னடக் குறும்படம்)

‘சூர்யகாந்தி ஹூவிகெ மொதலு கொத்தாகித்து’ என்பது 2024ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில், திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கான ‘லா சினெஃப்’ பிரிவில் முதல் பரிசு பெற்ற கன்னடக் குறும்படம். வெளிநாடுகளில் ‘சன்ஃபிளவர்ஸ் வேர் த ஃபர்ஸ்ட் ஒன்ஸ் டு நோ’ என்ற ஆங்கிலப் பெயரால் அறியப்படுகிறது. 16 நிமிடம் ஓடும் இப்படத்தை இயக்கியவர் சிதானந்த எஸ். நாயக். மைசூரில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கீழே வைத்து கேமரா பக்கம் வந்தவர். புனேயில் உள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியில் தொலைக்காட்சிப் பிரிவின் ஓராண்டுப் படிப்பை முடிக்கும் தறுவாயில், வகுப்புத் தோழர்களுடன் சேர்ந்து எடுத்த பயிற்சிப் படம் இது.

கதை

ஊர்ச் சேவலை ஒரு கிழவி திருடிவிடுகிறாள். சேவல் இல்லாத ஊரில் பொழுது விடிவதில்லை. இருட்டில் தவிக்கும் ஊரார் குறி கேட்கிறார்கள். கிழவியின் குடும்பத்தையே ஊரைவிட்டு விலக்கிவைக்கிறார்கள்.

தன் சேவல் கூவுவதால்தான் ஊருக்கு விடிகிறது என்று கர்வம் கொண்டு, கோபித்துக்கொண்டு சேவலோடு வெளியேறும் கிழவியின் கதையைக் கன்னடக் குழந்தைகள் நன்றாக அறிவார்கள். அந்தக் கதையில் மறுநாளும் வழக்கம்போல விடிந்துவிடும். கிழவி அசடு வழிவாள். நாயக் இதைத் தலைகீழாகப் புரட்டினார். படத்தில் பொழுது உண்மையிலேயே விடிவதில்லை. கிழவியின் நம்பிக்கை பலித்துவிடுகிறது. தண்டனையும் அவளுக்கே கிடைக்கிறது. நீதிக் கதையாக இருந்ததை அச்சக் கதையாக மாற்றிய இந்த ஒரு திருப்பம்தான் படத்தின் பலம் என்று சொல்ல வேண்டும். படம் முழுக்க இரவு என்பதால் ஒளிப்பதிவாளர் சூரஜ் தாக்கூருக்குக் கதையிலேயே பெரிய பங்கு அமைந்துவிட்டது. படத்தொகுப்பு மனோஜ் வி.; ஒலி அபிஷேக் கதம். படப்பிடிப்பு நான்கே நாள்.

கான் விழாவில்

லா சினெஃப் பிரிவு 1998இல் ‘சினேஃபோந்தாசியோன்’ என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 2024இல் உலகெங்கும் 555 திரைப்படக் கல்லூரிகளிலிருந்து 2,263 படங்கள் வந்தன, தேர்வானவை 18. பெல்ஜிய நடிகை லுப்னா அசபல் தலைமையிலான நடுவர் குழு மே 23 அன்று முடிவை அறிவித்தது. முதல் பரிசுத் தொகை 15,000 யூரோ. இரண்டாம் பரிசை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் படமும் கிரேக்கத்தின் தெசலோனிக்கி பல்கலைக்கழகப் படமும் பகிர்ந்துகொண்டன. மூன்றாம் பரிசு பிரிட்டனின் தேசியத் திரைப்படக் கல்லூரியில் படித்த, மீரட்டைச் சேர்ந்த மான்சி மகேஷ்வரியின் ‘பன்னிஹுட்’ என்ற அசைவூட்டப் படத்துக்குச் சென்றது. ஆக, அந்த ஆண்டு இப்பிரிவில் மேடையேறிய இந்தியர் இருவர்.

புனே கல்லூரிக்கு இது முதல் வெற்றியல்ல. 2017இல் பாயல் கபாடியாவின் ‘ஆஃப்டர்நூன் கிளவுட்ஸ்’ இதே பிரிவில் திரையிடப்பட்டது. 2020இல் அஷ்மிதா குஹா நியோகியின் ‘கேட்டாக்’ முதல் பரிசு வாங்கியது. ஆனால் ஓராண்டுத் தொலைக்காட்சிப் படிப்பிலிருந்து ஒரு படம் கான் வரை போனது நாயக்கின் படத்தில்தான். மூன்றாண்டு திரைப்படப் பிரிவின் டிப்ளமோ படங்களுக்கே பேர் என்றிருந்த வழக்கத்தை அது உடைத்தது. கொல்கத்தாவின் சத்யஜித் ராய் கல்லூரியும் பின்தங்கவில்லை: அங்கே படித்த எத்தியோப்பிய மாணவர் கோகோப் டெஸ்ஃபே எடுத்த ‘எ டால் மேட் அப் ஆஃப் கிளே’ 2025இல் லா சினெஃபுக்குத் தேர்வானது.

மாணவப் படத்திலிருந்து பெரிய மேடைக்கு ஏறுவது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில், கென்ட் நகரக் கலைக்கல்லூரியில் படித்த லூகாஸ் தோன்ட் குறும்படங்களில் கைபழகி, 2018இல் ‘கேர்ள்’ படத்துக்கு கான் விழாவின் முதல்பட விருதையும், 2022இல் ‘க்ளோஸ்’ படத்துக்குக் கிராண்ட் பிரி விருதையும் பெற்றார். அதே கிராண்ட் பிரி 2024இல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ படத்துக்குக் கிடைத்தது. 2015இல் புனே கல்லூரியில் 139 நாள் நடந்த மாணவர் வேலைநிறுத்தத்தில் முன்நின்றவர்களில் அவரும் ஒருவர் என்பதையும் சேர்த்துத்தான் இந்த வெற்றிகளை எழுத வேண்டும்.

அடுத்து நாயக்கின் படம் ஆஸ்கரின் குறும்படப் பிரிவில் போட்டியிடும் தகுதி பெற்றது. இதை ‘இந்தியாவின் அதிகாரபூர்வப் படம்’ என்று சில செய்திகள் எழுதியது பிழை. குறும்படப் பிரிவில் நாட்டின் சார்பில் படம் அனுப்பும் முறை கிடையாது. குறிப்பிட்ட விழாக்களில் வென்ற படங்கள் தாமாகவே தகுதி பெறுகின்றன. இறுதிக்கு முந்தைய 15 படங்களின் பட்டியலில் இது இடம்பெறவில்லை.

நீலகிரியிலிருந்து பார்த்தால்

ஊட்டி பெர்ன்ஹில்லில் மைசூர் அரச குடும்பத்தின் கோடை அரண்மனை நிற்கிறது. மலைக்கும் மைசூர்ச் சீமைக்கும் உறவு பழையது. இம்மலையில் வாழும் படுகர் பேசும் மொழி கன்னடத்துக்கு நெருங்கிய சொந்தம். எனவே நாயக்கின் கிழவியும் சேவலும் இங்குள்ளவர்களுக்கு அந்நியமாகத் தோன்ற வழியில்லை.

ஆனால் சினிமாக்காரர்களுக்கு நீலகிரி பெரும்பாலும் படப்பிடிப்புத் தளமாகவே இருந்துவந்திருக்கிறது. பெர்ன்ஹில்லுக்கு அடுத்த லவ்டேலில் இயங்கும் புகைப்படக் கல்லூரியான லைட் அண்ட் லைஃப் அகாடமி ஒரு விதிவிலக்கு. அங்கே பயின்ற கார்த்திகி கொன்சால்வ்ஸ், முதுமலை தெப்பக்காடு யானை முகாமின் பொம்மன், பெள்ளி தம்பதியை வைத்து எடுத்த ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ 2023இல் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கரை வென்றது. அது மாணவப் படம் அல்ல என்றாலும் மலையில் பயின்றவர் மலையைப் பற்றி எடுத்த படம். இன்னொரு தொடர்பும் உண்டு. புனே கல்லூரி தொடங்கிய அதே 1960இல்தான் மத்திய அரசு ஊட்டி இந்து நகர் ஆலைக்காக இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தை ஏற்படுத்தியது. ஃபிலிம் சுருள் செய்த ஆலை நலிந்து மூடப்பட்டது. சுருளே தேவைப்படாத டிஜிட்டல் கேமராவில் ஓராண்டுப் படிப்பு மாணவர்கள் கான் வரை போய்வந்துவிட்டார்கள்.

இப்படத்தின் பெருமையில் பாதி கல்லூரிக்கு உரியது. கருவியும் ஆசிரியரும் கூட்டாளிகளும் அங்கே சேர்ந்தே கிடைத்தன. லா சினெஃபின் விதியும் அதற்கேற்பவே இருக்கிறது: படம் ஒரு திரைப்படக் கல்லூரியில் உருவானதாகவும், 60 நிமிடத்துக்கு மிகாததாகவும் இருக்க வேண்டும், கல்லூரிக்கு வெளியே தனியாக எடுத்த படத்துக்கு அங்கே இடமில்லை.