மூடிய அறையும் திறந்த அவையும்: அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத்

நம் முத்துக்குளித்துறை வணிகர்களுக்குத் துணிக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் முறை புதிதன்று. பேரம் மறைவாக நடப்பதில் குற்றமில்லை. இருவரும் ஒரே விலையைத்தான் புரிந்துகொண்டார்களா என்பதே கேள்வி. இந்திய அரசியலமைப்பு உருவான வரலாற்றிலும் இக்கேள்வி எழுந்தது.

1946 மே 5 முதல் 12 வரை சிம்லாவில், பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவின் முன்னிலையில் காங்கிரசும் முஸ்லிம் லீகும் மூடிய அறையில் பேசின. ஆசாத், நேரு, பட்டேல், அப்துல் கஃபார் கான் ஒருபுறம். ஜின்னா, லியாகத் அலி கான், நவாப் இஸ்மாயில் கான், அப்துர் ரப் நிஷ்தர் மறுபுறம். உடன்பாடு எட்டவில்லை. மே 16 அன்று தூதுக்குழு தானே ஒரு திட்டத்தை வெளியிட்டது. மாகாணங்களை மூன்று தொகுதிகளாக்குவது அதன் மையம். இரு கட்சிகளும் அதை ஏற்றன. ஆனால் தொகுதியில் சேர்வது கட்டாயம் என்று லீக் கொண்டது, மாகாணத்தின் விருப்பம் என்று காங்கிரஸ் கொண்டது. ஓர் ஆவணம், இரு பொருள். ஜூலை இறுதியில் லீக் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை லீக் உறுப்பினர்கள் இன்றியே கூடியது.

பிரிவினைக்குப் பின், இந்நாட்டிலேயே வாழத் தீர்மானித்த முஸ்லிம்களின் குரலாக அச்சபையில் எழுந்தவர்களுள் ஒருவர், திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த முஹம்மது இஸ்மாயில் சாஹிப். தூத்துக்குடியும் காயல்பட்டினமும் அன்று அதே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன.

சிறுபான்மையினர் குறித்த முடிவுகள் பட்டேல் தலைமையிலான ஆலோசனைக் குழுவில் உருவாயின. 1947இல் தனித்தொகுதி முறை கைவிடப்பட்டு, கூட்டு வாக்காளர் முறையில் இட ஒதுக்கீடு பரிந்துரைக்கப்பட்டது. 1949 மே 11 அன்று அதையும் விட்டுவிடக் குழு தீர்மானித்தது. சமுதாயத்திலும் ஒருமித்த கருத்தில்லை. ஒதுக்கீடு நம்மைப் பெரும்பான்மையினரிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடும் என்பது பேகம் அய்ஜாஸ் ரசூல் அவர்களின் வாதம்.

இஸ்மாயில் சாஹிபோ, மே 25 அன்று திறந்த அவையில் தனித்தொகுதி கோரித் திருத்தம் கொண்டுவந்தார். ஒரு சமூகத்தின் பிரதிநிதி அச்சமூகத்தின் நம்பிக்கையைப் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதே அவர் நிலை. அவை அதை ஏற்கவில்லை. முந்தைய ஆண்டு நவம்பரில், ஷரீஅத் தனியார் சட்டத்துக்குப் பாதுகாப்புக் கோரிய அவரது திருத்தமும் அவ்வாறே தோற்றது. ஆயினும் இரண்டும் அவைக் குறிப்பில் அச்சேறி நிற்கின்றன. எவரும் இன்றும் படிக்கலாம்.

பின்னர் நடந்தது இன்னும் சிந்திக்கத் தக்கது. தோற்ற தரப்பினரான அவர் அரசியலமைப்பைப் புறக்கணிக்கவில்லை. 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும், தாம் எதிர்த்த அதே கூட்டு வாக்காளர் முறையில் நின்று, மஞ்சேரியிலிருந்து மக்களவைக்குச் சென்றார்.

ஜமாஅத் நிர்வாகமாயினும் தேர்தல் கூட்டணியாயினும், மஷ்வரா மூடிய அறையில் நடக்கலாம். ஆனால் பிரதிநிதித்துவம் ஓர் அமானிதம். நமக்காக எதைக் கேட்டோம், எதை விட்டுக்கொடுத்தோம் என்பதை வெளியில் வந்து ஒரே பொருள் தரும் சொற்களில் உரைப்பவரே அதற்குத் தகுதியானவர். அத்தகையோரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது.