வளர்ந்த தொகுதியும் வெளியேறிய வாக்காளரும்: அடுகோடியிலிருந்து ஒரு கணக்கு

ஒரு சட்டமன்றத் தொகுதி வளர்ந்திருக்கிறதா என்று கேட்பவர்கள், பெரும்பாலும் இன்றைய சாலைகளையும் கட்டடங்களையும் பார்த்தே விடை சொல்கிறார்கள். அங்கு முன்பு வாழ்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. பெங்களூரின் அடுகோடியையும் அதையடுத்த ஈஜிபுரத்தையும் முன்வைத்து இக்கேள்வியைச் சற்று விரிவாக எழுப்ப விரும்புகிறேன்.

ஓசூர் சாலையோரத்துச் சிற்றூராக இருந்த அடுகோடிக்கு நவீன நிறுவனங்கள் வந்த கதை பழையது. 1923இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட கால்நடை, பால்வள ஆய்வு நிறுவனத்துக்கு, உடல்நலம் தேறுவதற்காக 1927இல் இந்நகரில் தங்கியிருந்த காந்தி வந்து பாடம் கேட்டிருக்கிறார். அந்நிறுவனத்தின் தலைமையகம் 1955இல் கர்னாலுக்குச் சென்றபின், அடுகோடி வளாகம் தென்மண்டலக் கிளையாக நீடிக்கிறது. 1950களில் மைக்கோ ஆலை எழுந்தது. பின்னாளில் போஷ் எனப் பெயர் மாறிய அதன் உற்பத்திப் பணிகள் பிடதிக்குப் பெயர்ந்தன. 2022இல் அதே வளாகம் தொழில்நுட்ப மையமாகத் திறக்கப்பட்டது. காந்தியின் வருகையைப் பெங்களூர் வரலாற்றில் ஆர்வமுள்ளோர் விரும்பிச் சொல்வார்கள். ஆலைத் தொழிலாளர் எந்தத் தெருக்களில் குடியிருந்தார்கள் என்பதைச் சொல்பவர் குறைவு.

இவற்றுள் எதையும் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சாதனையாகக் கணக்கிட முடியாது. அடுகோடி இன்று அடங்கியிருக்கும் பி.டி.எம். லேஅவுட் தொகுதியே 2008இல்தான் பிறந்தது. பைரசந்திரா, தாவரெகெரே, மடிவாளா என்ற மூன்று ஊர்களின் முதலெழுத்துகளே அப்பெயர். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி வரையப்பட்ட புதிய எல்லைகளில் முதன்முதலாகத் தேர்தலைச் சந்தித்த மாநிலம் கர்நாடகம். ஜெயநகரில் 1989 முதல் நான்கு முறை வென்றிருந்த ராமலிங்க ரெட்டி அவ்வாண்டு இத்தொகுதிக்கு மாறினார். 2008, 2013, 2018, 2023 ஆகிய நான்கு தேர்தல்களிலும் வென்றார். ஆக, இத்தொகுதி இதுவரை ஒரே உறுப்பினரை மட்டுமே அறியும். ஒப்பிட்டு மதிப்பிட இன்னொருவர் இல்லாத இடத்தில், தொடர் வெற்றியையே வளர்ச்சியின் சான்றாகக் கொள்வது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.

பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவாக இல்லை. ஈஜிபுரத்திலிருந்து கேந்திரிய சதன் வரை, ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் மேம்பாலப் பணி 2017இல் தொடங்கியது. 2019இல் முடிந்திருக்க வேண்டியது. 2022இல் ஒப்பந்தமே ரத்தாயிற்று. ஆண்டுக்கணக்கில் வெறும் தூண்களாக நின்ற அப்பாலம் மாநகராட்சியின் திட்டம். மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலமோ 2020 செப்டம்பரில் முடிந்துவிட்டது. 2025 செப்டம்பரில் மாநகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்படும் வரையிலான ஐந்தாண்டுகள் வார்டு உறுப்பினர் எவருமின்றியே கழிந்தன. சாக்கடை அடைப்புக்கும் சட்டமன்ற உறுப்பினரின் வாசலுக்குப் போகும் வழக்கம் அக்காலத்தில் வலுப்பட்டதில் வியப்பில்லை.

எனினும் ஈஜிபுரத்தின் பொருளாதாரத்தில் நலிந்தோர் குடியிருப்பே என் வாதத்தின் மையம். 1990களின் தொடக்கத்தில் அங்கு 42 தொகுதிக் கட்டடங்களில் 1,512 வீடுகள் கட்டப்பட்டன. தரமற்ற அக்கட்டடங்களுள் சில 2003இலும் 2007இலும் இடிந்து விழுந்தன. குடியிருந்தோர் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளுக்கு மாறினர். பின்னர் ஏறத்தாழ 15 ஏக்கர் நிலத்தில் பாதியில் அவர்களுக்கு வீடுகள், மறுபாதியில் வணிக வளாகம் என்ற ஏற்பாட்டின்கீழ் மாநகராட்சி ஒரு தனியார் நிறுவனத்துடன் கைகோத்தது. 2013 ஜனவரியில், காவல்துறையின் துணையோடு, சுமார் 1,500 குடும்பங்களின் கொட்டகைகள் இடிக்கப்பட்டன. தமிழ் பேசும் தலித் குடும்பங்களும் முஸ்லிம், கிறித்தவக் குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. சிலர் நடைபாதையிலேயே நாட்களைக் கழித்தனர். பலர் சர்ஜாபுரம் சாலைப் பக்கத்துச் சூலிகுண்டேக்குச் சென்றனர். வீட்டுவேலைக்கும் துப்புரவுக்கும் அவர்கள் சென்றுகொண்டிருந்த கோரமங்கலா கைக்கெட்டாத தொலைவாயிற்று.

அப்போது மாநிலத்திலும் மாநகராட்சியிலும் பாரதிய ஜனதா ஆட்சி. தொகுதி உறுப்பினர் காங்கிரஸ்காரர். 2013 மே மாதத்தில் மாநில ஆட்சி காங்கிரசிடம் வந்தது, அவர் அமைச்சருமானார். அவ்வாட்சியின் ஐந்தாண்டுகளிலும் அந்நிலத்தில் ஏழைகளுக்கான வீடுகள் எழும்பவில்லை. ஆகவே இதனை ஒரு கட்சியின் கணக்கில் மட்டும் எழுதுவது எளிது, நேர்மையன்று.

இங்கேதான் சட்டத்தின் ஒரு சிறு விதி பெரிய வேலை செய்கிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஒரு தொகுதியில் வழக்கமாக வசிப்பவரே அங்கு வாக்காளராகப் பதிவு பெறலாம் என்கிறது. வீடு போனால் பதிவுக்கான அடிப்படையும் போகிறது. தமக்கு நேர்ந்ததற்கு எந்த உறுப்பினரிடம் கணக்குக் கேட்க வேண்டுமோ, அவரைத் தேர்ந்தெடுக்கும் அல்லது தோற்கடிக்கும் உரிமையை அந்த இழப்பே பறித்துவிடுகிறது. இடிப்பு நடந்தது ஜனவரியில். கர்நாடகம் வாக்களித்தது மே 5 அன்று. எஞ்சியிருப்போரிடம் மட்டும் கேட்டு எழுதப்படும் எந்த மதிப்பீட்டிலும் தொகுதி முன்பைவிடச் செழிப்பாகவே தெரியும்.

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் பட்டியல்கள் பாகம் பாகமாக வெளியிடப்படுபவை. ஈஜிபுரம், அடுகோடிப் பாகங்களின் 2008 பட்டியலையும் 2013க்குப் பிந்தைய பட்டியலையும் தெருவாரியாக ஒப்பிட்டு, நீங்கிய பெயர்களின் எண்ணிக்கையை மேம்பாலத் தூண்களுக்கும் தார்ச்சாலைகளுக்கும் பக்கத்தில் ஒரு பத்தியாக எழுதிச் சேர்க்கலாம். தனிமனிதர் பெயர் எதையும் வெளியிடாமலே இதைச் செய்ய முடியும். ஆய்வு மாணவர் இருவர், ஒரு கோடை விடுமுறை போதும்.