முத்துக்குளிப்போர் சுமந்த கல்

முத்துக்குளித்துறையின் வரலாறு என்று நம்மவர் எழுதுவன பெரும்பாலும் முத்தின் வரலாறாகவே முடிந்துவிடுகின்றன. கொற்கையின் பழம்புகழ், காயலின் வணிகம், மரைக்காயர்களின் மரக்கலங்கள், அரசர்களின் குத்தகை உரிமை என்று ஏடுகள் விரியும். அந்த முத்தை எடுத்துவந்த மனிதன் கடலின் அடியை எவ்வாறு அடைந்தான் என்பது ஓரிரு வரிகளில் அடங்கிவிடும். ஆனால் அவனுடைய உயிர் அந்த ஓரிரு வரிகளில்தான் இருந்தது.

நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துக்கொண்ட மனித உடல் கடல்நீரில் அமிழாது, மிதக்கும். 5 முதல் 10 பாகம் வரை ஆழமுள்ள சிப்பிப் பாருக்குத் தன் கைகால் வலிமையால் மட்டும் நீந்திச் சென்றால், இழுத்த மூச்சிற் பெரும்பகுதி வழியிலேயே செலவாகிவிடும். மூச்சின் முழு அளவே ஒரு நிமிடம். மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். ஆகவே ஏதேனும் ஒரு பாரம் வேண்டும். அந்தப் பாரத்தை உடலில் எங்கே தாங்குவது என்பதுதான் கேள்வி.

ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி இலங்கையைப் பற்றி 1803இல் வெளியிட்ட நூலில் மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை விரிவாக வரைந்துள்ளார். படகுக்குப் பத்துக் குளியாளிகள். அவர்கள் ஐவர் ஐவராக முறைவைத்து இறங்குவர். ஐந்து கற்கள் படகில் இருக்கும். கருங்கல்லைக் கூம்பு போலச் செதுக்கி, மேலும் கீழும் உருட்டி, சிறுத்த முனையில் துளையிட்டுக் கயிறு கோத்திருப்பர். எடை 30 ராத்தல் அளவில் இருக்கும். குளியாளி தன் வலக்கால் விரல்களால் அந்தக் கயிற்றைப் பற்றிக்கொள்வான்; இடக்கால் விரல்களில் வலைப்பை. ஒரு கையில் படகிலிருந்து வரும் மற்றொரு கயிறு. மறு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவான். இந்நாட்டவர் கால்விரல்களைக் கைவிரல்களைப் போலவே பயன்படுத்துவது பெர்சிவலுக்குப் பெருவியப்பாக இருந்திருக்கிறது. செருப்பறியாத கால்களுக்கு அது வியப்பன்று.

அடியைத் தொட்டதும் குளியாளி கல்லை விட்டுவிடுவான். மேலே இருப்பவர் அதனை உடனே இழுத்துக்கொள்வார். அவன் பாரமின்றிச் சிப்பிகளை வாரி வலையில் இட்டு, மூச்சு முட்டும் வேளையில் கையிலுள்ள கயிற்றை அசைப்பான். மேலேயுள்ளவர் அவனைத் தூக்கிவிடுவார்.

இதே கடலில் வேறொரு முறையும் இருந்ததைப் பெர்சிவலே குறித்துள்ளார். குளியாளிகளுட் சிலர் பிறைவடிவான கல்லொன்றை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினர். கால்கள் இரண்டும் விடுதலையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

ஒரே படகுத்தொகுதியில், ஒரே பாரில், ஒரே சிப்பிக்காக மூழ்கிய மனிதர்கள் ஏன் இரண்டு வழிகளைத் தேர்ந்தார்கள்? நீரின் இயல்பே இதற்கு விடை தரும். மேற்பரப்பில் 6 லிட்டராக உள்ள நுரையீரற் காற்று 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் 3 லிட்டராகச் சுருங்கிவிடும். அதனால் உடலைத் தாங்கும் மிதப்பாற்றல் ஏறத்தாழ 3 கிலோ குறையும். மேலே தக்கையாக இருந்த மனிதன் கீழே கல்லாகிறான். எனவே பாரம் தேவைப்படுவது இறங்கும்போது மட்டுமே. அடியில் அது தேவையில்லை. ஏறும்போதோ அதுவே பகை. காலிற் பற்றிய கல்லை விட்டுவிடலாம். வயிற்றிற் கட்டிய பிறைக்கல், குளியாளி எழும்பும்போதும் அவனோடே வரும். ஆனால் அதற்கும் ஒரு பயன் உண்டு: நீரோட்டம் இழுக்கும் இடத்தில் அது மனிதனைத் தரையோடு நிறுத்தும், இரு கால்களும் நடக்க உதவும். காற்கல் போகும் வழிக்கானது. பிறைக்கல் கடலடியில் நிற்பதற்கானது. பெரும்பாலோர் காற்கல்லையே விரும்பியது அறிவுடைமை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏஜியன் கடலின் கிரேக்கத் தீவுகளிற் கடற்பஞ்சு குளித்தவர்கள் மூன்றாவதொரு வழி கண்டனர். தட்டையான கல்லை இரு கைகளாலும் முன்னே நீட்டிப் பிடித்து, அதையே சுக்கானாகத் திருப்பித் தலைகீழாக இறங்குவர். கல்லோடு கட்டிய கயிறு படகில் இருக்கும். 1913இல் இத்தாலியப் போர்க்கப்பலான ரெஜினா மார்கெரிட்டா இழந்த நங்கூரத்தை, ஸ்டாட்டி ஹாட்சிஸ் என்ற கிரேக்கர் இம்முறையில் 70 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் மூழ்கிக் கண்டெடுத்தார்.

அரபு வளைகுடாவில் குளியாளியை 'ஃகைஸ்' என்றும் மேலே கயிறு பிடிப்பவரை 'ஸைப்' என்றும் அழைத்தனர். அங்கும் கயிறு இரண்டு: ஒன்று பாரத்துக்கு, மற்றது மனிதனுக்கு. பாரம் கல்லாகவோ ஈயமாகவோ இருக்கும். மூக்கைக் கையால் பொத்தாமல் ஒரு கவ்வியால் இறுக்கிக்கொண்டதால் அவர்களுக்குக் கை ஒன்று மிச்சமாயிற்று. 14ஆம் நூற்றாண்டில் அக்கடலின் முத்துக்குளிப்பை வருணித்த இப்னு பதூதா, மூச்சுத் திணறும்போது குளியாளி கயிற்றை இழுப்பதையும் மேலிருப்பவர் அதனை உணர்ந்து தூக்குவதையும் சொல்லத் தவறவில்லை. சிலர் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நீருக்குள் இருப்பர் என்று அவர் எழுதியதை மட்டும் பயணியர் வாய்மொழியாகக் கொள்ளவேண்டும்.

கல் எதுவாயினும், எங்கே கட்டினாலும், மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் கைதான் இறுதியில் உயிரைக் காத்தது. அவர் ஒரு கணம் கண்ணயர்ந்தால் போதும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம், அதாவது மைத்துனனிடமே கொடுக்கவேண்டும் என்று தென்கடற்கரையிற் சொல்வதுண்டு. தன் தங்கை தாலியிழக்க எந்த அண்ணனும் சம்மதிக்கமாட்டான் அல்லவா? பரவர்களும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் ஒரே கடலில் மூழ்கியவர்கள். கயிற்றைப் பற்றிய இந்தக் கவலை இரு சாராருக்கும் பொதுவாகத்தான் இருந்திருக்கும்.

1837ஆம் ஆண்டளவில் சீபே என்பவர் இங்கிலாந்தில் உருவாக்கிய தலைக்கவச உடுப்பு, மூச்சுக்கு மேலிருந்து குழாய்வழிக் காற்றைத் தந்தது. காற்று நிறைந்த உடுப்பு மிதக்குமாகையால் மார்பிலும் முதுகிலும் ஈயப் பாளங்கள், காலில் ஈய அடி பதித்த பாதணிகள் என்று பாரம் உடலெங்கும் ஏறியது. முழு உடுப்பும் 150 ராத்தலைத் தாண்டும். அதனை அணிந்தவன் நீந்தமாட்டான், கடலடியில் நடப்பான்.

1930களில் பிரான்சில் ரப்பர்த் துடுப்புப் பாதணி தோன்றியது. 1943இல் குஸ்டோவும் கான்யானும் முதுகிற் சுமக்கும் காற்றுருளைக் கருவியை அமைத்தனர். இப்போது கால்களே துடுப்புகள். அவை கல்லைப் பற்ற இயலாது. எனவே பாரம் இடுப்புக்கு வந்தது. ஈயக் கட்டிகள் கோத்த பட்டை இடுப்பைச் சுற்றியது. பிறைக்கல்லைக் கட்டிய பழைய குளியாளிகளும் கால்களின் விடுதலைக்காகவே அதைச் செய்தனர் என்பதை எண்ணும்போது, அவர்கள் காலத்தை மிகவும் முந்தியவர்கள் என்றே சொல்லவேண்டும்.

ஆயினும் பிறைக்கல்லின் குறையும் கூடவே வந்தது. ஆபத்து வந்தால் பாரத்தைக் கழற்றுவது எப்படி? மேலே கயிறும் இல்லை, மைத்துனனும் இல்லை. ஆகவேதான் ஒரே கையால் இழுத்தவுடன் அவிழும் கொக்கியைப் பட்டையில் வைத்தார்கள். முன்பு மேலே இருந்தவர் கையில் இருந்த பொறுப்பு இப்போது மூழ்குபவரின் வலக்கையில் வந்து சேர்ந்தது.

இடுப்புப் பட்டை முதுகை வருத்துகிறது, வழுக்கி விழுகிறது என்று கருதியவர்கள், மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் சட்டையின் பைகளில் ஈயத்தை வைக்கும் முறையைக் கொண்டுவந்தனர். பட்டை அவிழ்ந்தால் பாரம் முழுவதும் ஒருங்கே போய், மனிதன் அம்புபோல் மேலெழுவான். நுரையீரலில் உள்ள அழுத்தக் காற்று விரிந்து உயிருக்கே உலை வைக்கலாம். அதனால் சிலர் பாரத்தைப் பிரித்து, பாதியைப் பட்டையிலும் பாதியைப் பையிலும் வைக்கின்றனர். இன்னொரு கணக்கும் உண்டு. சாதாரண உருளையிலுள்ள காற்றின் எடையே 2 கிலோவுக்கு மேல் இருக்கும். அது தீரத்தீர மூழ்குபவர் இலேசாகிறார். முத்துக்குளிப்பவனுக்கு இறங்கும்போதுதான் பாரம் வேண்டியிருந்தது. இவருக்கோ திரும்பும்போதும் பாரம் பற்றாமற் போகலாம். ஆகவே முடிவில் எவ்வளவு தேவைப்படும் என்று எண்ணியே தொடக்கத்தில் எடுத்துச்செல்லவேண்டும்.

இன்று பொழுதுபோக்குக்காக மூழ்குவோர் இருவர் இருவராகவே இறங்கப் பயிற்றப்படுகின்றனர். கடலில் குதிக்குமுன் ஒருவர் மற்றவருடைய பட்டையைத் தொட்டு, கொக்கி எந்தப் பக்கம் அவிழ்கிறது, ஈயம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்ட பின்னரே நீரில் இறங்குகிறார்கள்.