தொலைபேசிக்குப் பிறந்து இணையத்துக்கு வாழ்க்கைப்பட்ட மொழி

நம் கல்லூரி மலருக்கு மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதச் சொன்னார்கள். கணினித் துறையிலேயே காலம் தள்ளியவன் நான். அதனால் ஒரு கணினி மொழியின் வரலாற்றைச் சொல்கிறேன்.

1986-இல் ஸ்வீடனில், எரிக்சன் நிறுவன ஆய்வகத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் தொடங்கியது எர்லாங். ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் இருவரும் உடன் உழைத்தார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கானோர் பேசுவார்கள். ஒருத்தர் லைன் கெட்டால் அடுத்தவர் பேச்சு அறுந்துபோகக் கூடாது. ரிப்பேர் என்று எக்ஸ்சேஞ்சை மூடவும் முடியாது.

அதற்கு அவர்கள் கண்ட வழி தனிக்குடித்தனம்தான்! ஒவ்வொரு வேலையும் தனித்தனிச் சிறு புராசஸ். ஒன்றின் நினைவகத்தில் மற்றது கைவைக்காது. கடிதம் போடுவதுபோல் செய்தி மட்டும் அனுப்பும். ஒன்று விழுந்தால், மேற்பார்வை பார்க்கும் புராசஸ் அதைப் புதிதாகத் தொடங்கிவிடும்.

இத்தனை இருந்தும், 1998-இல் எரிக்சனின் ஒரு பிரிவே புதிய தயாரிப்புகளுக்கு எர்லாங் வேண்டாம் என்று தடை போட்டது. ஊரெல்லாம் புழங்கும் மொழியே போதும் என்பது காரணம். அதே டிசம்பரில் மொழி ஓப்பன் சோர்ஸாக வெளியானது. பிறந்த வீடு கைவிட்டது, உலகம் எடுத்துக்கொண்டது.

பழைய வலைப்பக்கம், கேட்டதைக் கொடுத்துவிட்டு லைனை வைத்துவிடும். அரட்டை வந்தபின் லைன் திறந்தே இருக்க வேண்டியதாயிற்று. அதாவது, இணையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஆகிவிட்டது! எர்லாங்கில் எழுதிய வாட்ஸ்அப் 2012-இல் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கியது. 2014-இல் ஃபேஸ்புக் அதை வாங்க முன்வந்தபோது பயனாளிகள் 45 கோடி. பொறியாளர்களோ 32 பேர்தான்.

எர்லாங்கின் எழுத்துமுறை வலை நிரலர்களுக்குப் பழக்கமில்லாதது. ரூபி உலகிலிருந்து வந்த பிரேசில்காரர் ஜோசே வலீம், எர்லாங் எந்திரத்தின் மேலேயே ஓடும் எலிக்ஸிரை உருவாக்கினார். அதன் 1.0 பதிப்பு 2014-இல் வந்தது. வலைச் செயலிகளுக்கான ஃபீனிக்ஸ் 1.0, 2015-இல்.

எங்கள் அலுவலகத்தில் எலிக்ஸிர் பேச்சை எடுத்தபோது, "ஆள் கிடைக்காதே சார்!" என்றார்கள். நியாயமான கவலைதான். 1998-இல் தடை போட்டவர்களும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். ஆனால் எங்கள் பையன்கள் இரண்டு பேர் சில மாதங்களில் கற்றுக்கொண்டு வேலையை முடித்துக் காட்டினார்கள். பெரிய எண் கணக்குகளுக்கு இது ஏற்ற மொழி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி, தங்கைகளே! "மார்க்கெட்ல எது ஓடுது?" என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே, "ஒன்று விழுந்தால் மற்றதெல்லாம் நிற்குமா?" என்றும் கேளுங்கள். மொழிகள் மாறும், அந்தக் கேள்வி மாறாது.