பெருங்கணினிக்குத் திரை எங்கே?

1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 பெருங்கணினி வந்தது. பஞ்ச் கார்டு காலம் அது. 1971-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த 3270 டெர்மினலிலும் முதலில் எழுத்து மட்டும்தான். 2000 வாக்கில் மெயின்ஃப்ரேமில் லினக்ஸ் ஓடத் தொடங்கியதும் சிக்கல் வந்தது: ஜன்னலும் பொத்தானுமாக வரும் மென்பொருளை எந்தத் திரையில் பார்ப்பது?

இரண்டு வழிகள் தயாராக இருந்தன. ராஜபாளையத்தில் இருப்பவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரத்தைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அளவுகளைச் சொல்லி அவரையே வரையச் சொல்லலாம், 1984-ல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோ இந்த வகை. (வேடிக்கை என்னவென்றால், எக்ஸ் கணக்கில் நம் மேசைக் கணினிதான் 'சர்வர்'!) இல்லை, படம் பிடித்தே அனுப்பலாம், 1990களில் கேம்பிரிட்ஜின் ஒலிவெட்டி ஆய்வகம் உருவாக்கிய வி.என்.சி. அப்படி.

ஒரே கட்டடத்துக்குள் எக்ஸ் போதும். ஆனால் அதில் கேள்வியும் பதிலுமாகப் போக்குவரத்து அதிகம். சென்னை மெயின்ஃப்ரேமை 500 கி.மீ.க்கு அப்பால் ராஜபாளையத்திலிருந்து இயக்கினால் ஒவ்வொரு கிளிக்குக்கும் காத்திருக்க வேண்டும். லைன் அறுந்தால் நிரலும் போச்சு. ஆரக்கிள் நிறுவல் பாதியில் நின்றால் சுத்தம் செய்து மறுபடி முதலிலிருந்து. வி.என்.சி.யில் திரை மெயின்ஃப்ரேமிலேயே இருப்பதால் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும், மீண்டும் இணைந்து பார்க்கலாம். தூரத்துக்கு அதுவே மேல். இரண்டையுமே 1995-ல் ஃபின்லாந்தில் எழுதப்பட்ட எஸ்.எஸ்.எச். சுரங்கத்துக்குள் விட்டால்தான் கடவுச்சொல் வழியில் களவு போகாது.